நரசம்மாவுக்கு நான் போட்ட எண்

போன வாரம் கவிதா போன் செய்தாள். நான் முப்பது வருடத்துக்குக் கொஞ்சம் குறைவாக வேலை பார்த்த பீளமேட்டுப் பக்கத்துக் கிளை நூலகத்தில் இப்போது அவள்தான் நூலகர். முழங்கால் ஒத்துழைக்காமல் நான் விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு வந்த பிறகு, என் நாற்காலியும் அதன் ஆட்டமும் அவளுக்குப் போய்விட்டன.

"அக்கா, பழைய கேட்டலாக் அட்டைப் பெட்டியெல்லாம் எடைக்குப் போடச் சொல்லிப்போட்டாங்க. எல்லாத்தையும் கம்ப்யூட்டர்ல ஏத்தீட்டிருக்கறன். ஒரே ஒரு அட்டையில மட்டும் எண்ணு பென்சில்ல இருக்குதுங்க. மத்ததெல்லாம் மை. அதையும் மையாவே ஏத்திரட்டுங்களா?"

"பேரு என்னன்னு படி."

"ஆசிரியர் நரசம்மா. புத்தகம் 'கெணத்து வேலை'. பொறியியல் அலமாரியில இருக்குது. எடுத்துப் பாத்தா டைப் அடிச்ச பதினோரு பக்கம். யாருங்க அக்கா இந்த நரசம்மா?"

சொல்ல வாய் திறந்தேன். போனில் சொல்லி முடிகிற ஆள் இல்லை அவர். எழுதித் தருகிறேன் என்றேன். இது அதுதான் கவிதா.

நான் வேலையில் சேர்ந்தது தொண்ணூறுகளின் தொடக்கத்தில். நூலகவியலில் ஒரு வருடச் சான்றிதழ், உக்கடம் கிளையில் ஆறு மாதம் தூசி தட்டல், அவ்வளவுதான் என் பயிற்சி. பிறகு பீளமேடு. மில் சங்கு ஊதினால் மணி பார்க்க வேண்டாம். ஷிப்ட் முடிந்து பேப்பர் படிக்க வருகிறவர்கள் தலையில் பஞ்சு ஒட்டியிருக்கும். பாலக்காட்டுக் கணவாய்க் காற்று அடிக்கிற மாதங்களில் அந்தப் பஞ்சு எழுந்து மேசை மேசையாகப் பறக்கும். நான் அப்போது கவிதை எழுதிக்கொண்டிருந்தேன், அதாவது எதைப் பார்த்தாலும் அதற்கு இன்னொரு பெயர் வைத்துக்கொண்டிருந்தேன். வகைப்படுத்தும் வேலைக்கு அப்படிப்பட்ட ஆள் ஆபத்து என்று அப்போது தெரியவில்லை.

எனக்கு மேலதிகாரி விசாலாட்சி அம்மா. தலைமை அலுவலகத்தில் வகைப்படுத்தும் பிரிவுக்குக் கண்காணிப்பாளர். மூன்று மாதத்துக்கு ஒருமுறை டவுன் பஸ்ஸில் வந்து இறங்குவார். கையில் டிபன் பாக்ஸ், கொண்டையில் ஒரு பென்சில். புதுப் புத்தகம் ஒவ்வொன்றையும் முன்னால், நடுவில், பின்னால் என்று மூன்று இடத்தில் பிரித்து, நின்றபடியே ஒரு பக்கம் படிப்பார். பிறகு கொண்டையிலிருந்து பென்சிலை உருவி அட்டையின் மூலையில், புத்தகம் எந்த அலமாரிக்கு என்று சொல்லும் எண்ணை எழுதுவார். அவருக்கு ஒரு சட்டம் உண்டு. எந்த எண்ணும் ஒரு மாதம் பென்சிலிலேயே இருக்க வேண்டும். அந்த ஒரு மாதத்தில் யார் எடுத்துப் போகிறார்கள், எங்கே தேடுகிறார்கள், கிடைக்காமல் யார் எரிச்சல்படுகிறார்கள் என்று பார்க்க வேண்டும். அதன் பிறகுதான் மை, பிறகுதான் புத்தக முதுகில் சீட்டு.

"புத்தகம் யாரைப் பத்தின்னு கேக்காதே. எதைப் பத்தின்னு கேளு," என்பார். திட்டமாட்டார். கோபம் வந்தால் பிளேடு எடுத்துப் பென்சில் சீவுவார். அந்தச் சீவல் எவ்வளவு நேரம் நீள்கிறதோ அவ்வளவு பெரியது நம் தப்பு.

எனக்கோ பொறுமை கிடையாது. அந்த நாட்களில் எனக்கு ஒரு பைத்தியம் பிடித்திருந்தது. வரலாற்று அலமாரி முழுக்க ஆண்கள் நிற்கிறார்கள். பெண்கள் எங்கே என்று தேடினால் நாவல் அலமாரியில் கிடைக்கிறார்கள். படை நடத்தியவள், ஏரி வெட்டுவித்தவள், மருந்து தெரிந்தவள் என்று உண்மையில் வாழ்ந்த மனுஷிகளெல்லாம் கதைப் புத்தகங்களுக்குள் ஒளிந்திருந்தார்கள். வரலாறு எழுதியவர்கள் விட்டுவிட்டார்கள், நாவல் எழுதியவர்கள் தூக்கிக்கொண்டார்கள். சரி, நான் ஒருத்தி இருக்கிறேனே என்று ஜன்னலோரம் ஓர் அலமாரியைக் காலி செய்து 'மறந்துபோன பெண்கள்' என்று எழுதி ஒட்டினேன். வாசகர்கள் வந்து பார்த்தார்கள். கல்லூரிப் பெண்கள் இரண்டு பேர் நோட்டில் குறித்துக்கொண்டு போனார்கள். எனக்குத் தரையில் கால் நிற்கவில்லை.

அப்போதுதான் 'ஆறாவது கூழாங்கல்' என்ற நாவல் அன்பளிப்பாக வந்தது. போத்தனூருக்குத் தெற்கே ஒரு கிராமத்தில் தபால் நிலையம் நடத்தி ஓய்வு பெற்ற ஒருவர் சொந்தச் செலவில் அச்சடித்தது. நரசம்மா என்ற பெண், வீட்டில் தெலுங்கு பேசும் கிணறு வெட்டும் குடும்பத்தில் பிறந்தவள், பாறையில் குழி போட்டு வெடி வைத்துக் கிணறு ஆழப்படுத்துகிறாள். ஆண்கள்கூடப் பயப்படுகிற வேலை. முன்னுரையில் 'நரசம்மா உண்மையில் வாழ்ந்தவர், பெயரைக்கூட நான் மாற்றவில்லை' என்று இருந்தது. எனக்கு அது போதும். கதையின் முடிவில் அவள் குடிகாரப் புருஷனைக் கொல்கிறாள். ஆறு குழிக்கு வெடி வைத்தால் ஆறு கூழாங்கல் எடுத்துக்கொண்டு, ஒவ்வொரு சத்தத்துக்கும் ஒன்றாகக் கீழே போட்டு எண்ணுவார்கள். அன்றைக்கு ஐந்துதான் வெடிக்கிறது. அவள் ஆறாவது கல்லை மடியில் ஒளித்துக்கொண்டு, "ஆறும் ஆச்சு, எறங்கு" என்று புருஷனிடம் சொல்கிறாள். அவன் இறங்குகிறான், மிச்சக் குழி வெடிக்கிறது. பிறகு அவளும் அதே கிணற்றில் குதித்துச் செத்துப்போகிறாள்.

படித்துவிட்டு அழுதேன். அழுத கையோடு, ஒரு மாதம் காத்திருக்காமல், பென்சிலைத் தொடாமல், நேராக மையில் உள்ளூர் வரலாற்று எண்ணைப் போட்டேன். முதுகில் 'வரலாறு' என்று சீட்டும் ஒட்டினேன். பதிவேட்டிலும் ஏற்றிவிட்டேன். அவளைக் கதையிலிருந்து மீட்டுவிட்டதாக எனக்குள் ஒரு பெருமிதம்.

அடுத்த பங்குனியில் ஒருநாள் சாயங்காலம், முதல் ஷிப்ட் முடிந்த பஞ்சுத் தலையோடு ஒரு பெண் வந்தார். நாற்பத்தைந்து வயது இருக்கும். காலில் செருப்பைக் கழற்றி வாசலில் விட்டுவிட்டு வந்தார். நூலகத்தில் யாரும் அப்படிச் செய்வதில்லை.

"ஏனுங்க அம்மணி, நரசம்மா புஸ்தகத்த எங்க வெச்சிருக்கறீங்க?"

நான் மகிழ்ந்து எழுந்து, ஜன்னலோரம் கூட்டிப்போய் எடுத்துக் காட்டினேன். அவர் புத்தகத்தைத் திறக்கவில்லை. முதுகில் இருந்த சீட்டை விரலால் தடவினார்.

"இத ஒட்டுனது யாருங்க?"

"நான்தாங்க."

"இதப் பிச்சுப்போடுங்க. கதைங்கற எடத்துல கொண்டுபோய் வையுங்க. எம் பேரு ராஜாமணி. நரசம்மா எங்கம்மாங்க."

மன்னிக்கச் சொல்லி நான் ஏதோ ஆரம்பித்தேன். தாயை இழந்த துக்கம், அவர் நினைவுக்கு நாம் செய்யும் மரியாதை, இப்படி.

"செத்ததா ஆருங்க சொன்னாங்க? அம்மா ஊட்டுல இருக்குதுங்க. ரெண்டு நாளா நீராகாரந்தான், சோறு எடுக்கறதில்ல."

வரலாற்றில் இருக்கிறவர் வீட்டில் இருப்பார், சோறு வேண்டாம் என்பார் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

நடந்தது இது. நரசம்மாவும் நாவல் எழுதிய தபால்காரரும் ஒரே ஊர். அந்த ஊர்ப் பள்ளி ஆசிரியர் ஒருவர் பீளமேட்டில் குடியிருந்தார். அவர் என் அலமாரியிலிருந்து புத்தகத்தை எடுத்துப்போய், ஆண்டு விழாவில் 'நம் ஊர் வரலாறு' என்று கடைசி அத்தியாயத்தை மேடையில் வாசித்துவிட்டார். நரசம்மாவின் புருஷன் செத்தது ஊரில் இல்லை. மேட்டுப்பாளையம் பக்கம் வேலைக்குப் போன இடத்தில், மஞ்சள் காமாலை. அடக்கமும் அங்கேயே. ஊர்க்காரர்கள் யாரும் கண்ணால் பார்க்கவில்லை. இப்போது பார்த்தது போலப் பேசினார்கள்.

"பேசட்டுமுங்க, அதுக்கு அம்மா கவலப்படாது," என்றார் ராஜாமணி. "வர்ற வாரம் ஊர்க் கெணத்த ஆழப்படுத்தறாங்க. எப்பவுமே குழிக்கு ஒண்ணுன்னு கல்ல எண்ணி, எறங்கறவிய கையில போடறது அம்மாதான். வேலைய உட்ட பொறகும் அதக் கூப்பிடாம ஒரு கெணறு தோண்டுனதில்லீங்க. இந்தத் தடவ வர வேண்டாம்னுட்டாங்க. கல்ல ஒளிச்சவ கையில கல்லு வாங்க மாட்டமுன்னு."

சீட்டை நான் பிய்த்துவிடலாம். ஆனால் மையில் ஏறிய எண்ணை மாற்ற மேலதிகாரி கையெழுத்து வேண்டும். அதைச் சொன்னபோது ராஜாமணி என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே. "ஒட்டறதுக்கு ஆருகிட்டக் கேட்டீங்க?" என்றார், ரொம்ப மரியாதையாக.

மறுநாள் காலையில் தலைமை அலுவலகத்துக்குப் போய் விசாலாட்சி அம்மா முன்னால் நின்றேன். முழுவதும் கேட்டார். பிளேடை எடுத்தார். பென்சிலில் பாதி காணாமல் போகும்வரை சீவினார். சீவிய தூளைக் காகிதத்தில் மடித்துக் குப்பைக்கூடையில் போட்டுவிட்டு, "அந்தம்மாவை நீ பார்த்தியா?" என்று கேட்டார்.

"இல்லைங்க மேடம்."

"பார்க்காமயே வரலாறாக்கிட்ட. பார்க்காமயே இப்ப கதையாக்கப் போற. போய்ப் பார்த்துட்டு வா. புத்தகத்தை எடுத்துக்கிட்டுப் போ. சும்மா எடுக்காதே, உன் பேர்ல பதிஞ்சு எடு."

ஞாயிற்றுக்கிழமை போனேன். ஓட்டு வீடு, வாசலில் வேம்பு. நரசம்மா கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். எழுபது தாண்டிய, ஒல்லியான, நிமிர்ந்த உருவம். வலது கையில் மூன்று விரல்தான். காது இரண்டும் வெடிச் சத்தத்திலேயே போய்விட்டன, இடது காதில் வாயை வைத்துக் கத்தினால் கொஞ்சம் கேட்கும்.

"இவியதான் சீட்டு ஒட்டுனவிய," என்று மகள் கத்தினார்.

கிழவி என்னை ஏற இறங்கப் பார்த்தார். "புஸ்தகத்துல என்னதான் எழுதியிருக்குது? எல்லாரும் படிச்சுப்போட்டாங்க, எனக்கு ஒருத்தரும் படிச்சுக் காட்டல. படி கண்ணு."

அதுதான் என் வேலை வாழ்க்கையிலேயே கடினமான வாசிப்பு. ஒரு பெண்ணின் காதில், அவர் கொலை செய்ததாக எழுதியிருப்பதை, தெருவுக்கே கேட்கும்படி கத்த வேண்டும். இரண்டு தடவை தண்ணீர் குடித்தேன். அவர் கண்ணை மூடிக் கேட்டார். கூழாங்கல்லை மடியில் ஒளிக்கும் இடம் வந்தபோது கையைத் தூக்கி நிறுத்தினார்.

"கல்லு எவ கையில இருக்குது?"

"உங்க கையிலதாங்க."

"எறங்கறது ஆரு?"

"உங்க வீட்டுக்காரருங்க."

சிரிக்க ஆரம்பித்தார். கட்டில் கிரீச்சிட்டது. "தபால்காரன் பொழப்பக் கெடுத்துப்போட்டான் பாரு. எறங்கறவந்தாண்டி கண்ணு எண்ணோணும்! அவன் உசுர அடுத்தவ எண்ணி எப்படிச் சரிவரும்? அப்பறம், வெடி வெச்சவதான் மொதல்ல எறங்கோணும். எங்க சனத்துல அதுதான் வழம. நான் வெச்சேன், நானே எண்ணுனேன், நானே எறங்குனேன். அவரு மேல கவுறு புடிப்பாரு. என்ற உசுருதான் அவரு கையில. அவரு உசுரு என்ற கையில எப்பவுமே இருந்ததில்ல."

நான் புத்தகத்தை மூடிவிட்டேன். முன்னூறு பக்கம் ஒரு வழக்கத்தில் சரிந்து விழுந்துவிட்டது. தபால்காரர் அவரிடம் எல்லாவற்றையும் கேட்டிருக்கிறார், இதைக் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. தபால்காரர் போன வருடமே காலமாகிவிட்டார், நான் இருந்தேன்.

"அவனும் இதே எடத்துல உக்காந்து கேட்டான்," என்றார். "புருசன் எப்படிச் செத்தாருன்னான். காமாலைன்னேன். மூஞ்சி தொங்கிப்போச்சு. வேற எப்படியாச்சும் சாகலையான்னு கேக்கறாப்பல பாத்தான்." மறுபடியும் சிரிப்பு. பிறகு சிரிப்பு நின்றது. "கொலகாரின்னு எழுதுனது கெடக்குட்டும். வேல தெரியாதவன்னு எழுதிப்போட்டானே. அதுதான் தாங்க முடியல கண்ணு."

"உங்களைப் பத்தி நான் சரியா எழுதித் தரட்டுங்களா?" என்று கத்தினேன்.

"என்னையப் பத்தி எதுக்கு? வேலையப் பத்தி எழுது."

சொன்னார், எழுதினேன். பாறையைத் தட்டினால் வரும் சத்தத்தில் விரிசல் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று எப்படி அறிவது. மழை வாசம் வந்தால் ஏன் இறங்கக் கூடாது. கயிறு பிடிக்கிறவன் ஏன் பேசக் கூடாது, ஏன் பாடலாம். எண்ணிக்கையில் ஒன்று குறைந்தால் அன்றைக்கு யாரும் இறங்குவதில்லை, ஒரு ராத்திரி போக வேண்டும். யார் அவசரப்படுத்தினாலும், தண்ணீர் இல்லாமல் ஆடுமாடு கத்தினாலும். பிறந்தது, கட்டிக்கொடுத்தது, விரல் போனது, ஒன்றும் சொல்லவில்லை. விரலைப் பற்றிக் கேட்டேன். "அது ஒருநா அவசரப்பட்டது," என்றார். அதோடு சரி.

டைப் அடித்தால் பதினோரு பக்கம் வந்தது. முதல் பிரதியை அந்தப் பள்ளி ஆசிரியரிடம் கொடுத்தேன். நல்ல மனிதர், முகம் வெளுத்துவிட்டது. "நீங்க வரலாறுன்னு ஒட்டியிருந்தீங்க, நான் நம்பிட்டேன் மேடம்," என்றார். கோயில் முன்னால் ஊர் கூடியபோது அவரே எழுந்து, தான் கதையை வரலாறு என்று வாசித்துவிட்டதாகச் சொல்லி, பதினோரு பக்கத்தையும் படித்தார். 'எறங்குகிறவனே எண்ண வேண்டும்' என்று வந்ததும் முன்வரிசைப் பெரியவர் ஒருவர் தலையாட்டினார்.

"இது எங்களுக்குத் தெரியுமுங்களே."

"தெரிஞ்சுமா அந்தம்மாவ வர வேண்டாம்னீங்க?" என்று நான் கேட்டுவிட்டேன்.

"சர்க்கார் புஸ்தகத்துல வரலாறுன்னு போட்டிருக்குது. அதுக்கு மேல நமக்கென்னங்க தெரியும்?"

அந்தப் பெரியவர் கேலி செய்யவில்லை. அதுதான் எனக்குள் இன்னும் உட்கார்ந்திருக்கிறது. ஒரு விரல் அகலக் காகிதம், கொஞ்சம் பசை. தாங்கள் நாற்பது வருடம் கண்ணால் பார்த்ததை ஓர் ஊர் அதற்காக விட்டுக்கொடுத்திருந்தது.

அன்றைக்கு யாரும் முடிவு சொல்லவில்லை. கலைந்து போனார்கள். கிணற்றில் வெடி வைக்கிற நாளில் நான் விடுப்பு போட்டுவிட்டு ராஜாமணியோடு போய் நின்றேன். கம்ப்ரசர் வண்டி வைத்திருந்த செல்வராஜ்தான் குழி போட்டு வெடி வைத்தவர். முப்பது வயது ஆள், அதே சனம். ஆறு குழி. எல்லாரையும் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டு, நேராக நரசம்மா வீட்டுக்கு நடந்தார். பின்னாலேயே கிழவி வந்தார், முந்தானையில் முடிச்சோடு. கிணற்றை விட்டு எட்ட நின்று முடிச்சை அவிழ்த்தார். செல்வராஜ் கையை நீட்டினார். ஊரே பார்க்க ஆறு கல், ஒவ்வொன்றாக. பிறகு நரசம்மா செருப்பை உதறிவிட்டு வெறுங்காலோடு மண்ணில் நின்றார். காது கேட்காதவர் என்ன எண்ணப் போகிறார் என்று யோசித்தேன். அவர் பாதங்களைப் பார்த்த பிறகுதான் புரிந்தது. பாதம் இரண்டும் மண்ணை உற்றுக் கேட்டுக்கொண்டிருந்தன.

வெடித்தது. சத்தத்துக்கு ஒன்றாகக் கல் விழுந்தது. புழுதி அடங்கியதும் செல்வராஜ் வெறும் கையைக் காட்டி, "ஆறுங்க அத்தே, முடிஞ்சுது," என்றார்.

நரசம்மா வலது கையின் மூன்று விரலையும் இடது கையில் இரண்டையும் தூக்கினார். ஐந்து.

"ஆறுதாங்க!" என்று இரண்டு மூன்று பேர் கத்தினார்கள். நானும் ஆறுதான் கேட்டேன். செல்வராஜ் கீழே கிடந்த கற்களைப் பார்த்தார், கிழவியின் விரல்களைப் பார்த்தார். எண்ண வேண்டியது அவர்தான், சட்டப்படி. அவர் எண்ணிவிட்டார். ஊர் முழுக்க அவர் பக்கம் இருந்தது. ஒரு மாதமாக அந்த ஊர் எந்தப் பெண்ணின் எண்ணிக்கையைப் பொய் என்று சொல்லிக்கொண்டிருந்ததோ அவர் ஐந்து விரலோடு நின்றார்.

செல்வராஜ் இடுப்பில் கட்டிய கயிற்றை அவிழ்த்துச் சுருட்டினார். "நாளைக்குப் பாத்துக்கலாமுங்க," என்றார்.

அன்றைக்குச் சாயங்காலம் நரசம்மா சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டாராம்.

மறுநாள் இறங்கிப் பார்த்தால் ஆறு குழியும் வெடித்துத்தான் இருந்தன. இரண்டு ஏறக்குறைய ஒன்றாகப் போயிருக்கின்றன, மண்ணில் ஒன்றாகத்தான் தெரிந்திருக்கிறது. ராஜாமணி வந்து சொன்னார். "அம்மாகிட்டச் சொன்னனுங்க. வெக்கப்படுமுன்னு நெனச்சேன். சிரிக்குது. ஒரு நா போனாப் போவுது, ஆரும் குறையலையில்லன்னு கேக்குது."

நாவலை நாவல் அலமாரிக்கு மாற்றும் படிவத்தில் விசாலாட்சி அம்மா கையெழுத்துப் போட்டார். பிறகு பதினோரு பக்கத்தை எடுத்து மூன்று இடத்தில் பிரித்து, நின்றபடியே படித்தார். நான் வாழ்க்கை வரலாற்று எண் சொன்னேன். அவர் நிமிரவே இல்லை.

"இது யாரைப் பத்தியும் இல்லை. கிணத்தைப் பத்தி."

ஆசிரியர் என்ற இடத்தில் என் பெயரை எழுதப் போனேன், எழுதியது நான் என்பதால். அதையும் தடுத்தார். "உள்ளே இருக்கறதுக்கு யார் பொறுப்போ அவங்கதான் ஆசிரியர். உனக்கு இதுல எது தெரியும்?" கொண்டையிலிருந்து பென்சிலை உருவி அட்டையின் மூலையில் அவரே எண்ணைப் போட்டார். பொறியியல், பாறை வேலை, கிணறு. கையெழுத்துப் போடத் தெரியாத நரசம்மா, தடித்த அட்டை போட்ட இன்ஜினியர்களுக்கு நடுவில் போய் நின்றார். கல்லூரிப் பையன்கள் பாறைப் பாடத்துக்குப் புத்தகம் தேடி வந்து, அதைத் தவறுதலாக எடுத்து, உட்கார்ந்து முழுக்கப் படித்துவிட்டுப் போவதை நான் வருடக்கணக்கில் என் நாற்காலியிலிருந்து பார்த்தேன். 'மறந்துபோன பெண்கள்' என்ற அட்டையைக் கழற்றிவிட்டேன். நாவல்களெல்லாம் அவற்றின் இடத்துக்குப் போயின. இன்றைக்கும் அவற்றை ஆசையாகத்தான் படிக்கிறேன். ஒவ்வொன்றிலும் கல் யார் கையில் இருக்கிறது என்று மட்டும் பார்த்துக்கொள்கிறேன்.

ஒரு மாதம் கழித்து மை போட்டிருக்க வேண்டும். போடவில்லை. முதலில் பயம். பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் நரசம்மா இன்னும் ஏதாவது சொல்வார், பன்னிரண்டாவது பக்கம் வரும், எண் மாறலாம் என்ற நப்பாசை. அவர் போன பிறகும் மைப் பாட்டிலைத் திறந்து, பேனாவை நனைத்து, இரண்டு தடவை மூடி வைத்தேன்.

இதில் பாதியை எழுதியிருந்தபோது கவிதா மறுபடி போன் செய்தாள். "அக்கா, எல்லாம் ஏத்தி முடிச்சாச்சு. அந்த ஒரு அட்டைதான் நிக்குது. கம்ப்யூட்டர்ல பென்சில் கெடையாதுங்க. ஏத்திரட்டுங்களா?"

ஜன்னலுக்கு வெளியே எங்கேயோ போர்வெல் போடுகிற வண்டி தரையை அதிரவைத்துக்கொண்டிருந்தது. நான் செருப்பைக் கழற்றிவிட்டுச் சற்று நின்றேன்.

"இன்னைக்கு வேண்டாம் கண்ணு," என்றேன். "ஒரு நா போகட்டும். நாளைக்கு நான் வாரேன்."